காணாமற் போனவரின் மனைவியும் மெய்விவாக அருட்சாதனமும்

திருவருட்சாதனங்கள் ஏழு என்றும், அவற்றுள் ஏழாவது மெய்விவாகம் என்றும் சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். ஆயினும், மணநாளில் கோவிலில் நடைபெறும் சடங்குதான் அந்த அருட்சாதனம் என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். தாலி கட்டி, மோதிரம் மாற்றி, பதிவேட்டில் ஒப்பமிட்டுக் கோவில் வாசலைத் தாண்டியதும் அருட்சாதனம் முடிந்துவிட்டது போலவும், அதன்பின் வருவது வெறும் குடும்ப வாழ்க்கை போலவும் பேசுகிறோம். இது தவறான எண்ணம். நற்கருணையைப் போல மெய்விவாகமும் நிலைத்து நிற்கின்ற அருட்சாதனம் என்று இறையியலார் கற்பிக்கின்றனர். மணமக்கள் கொடுத்த சம்மதம் அந்த ஒரு நாளுக்குரியது. அதிலிருந்து பிறந்த பந்தமோ இருவரும் உயிரோடிருக்கும் காலமெல்லாம் நீடிப்பது.

இந்தப் படிப்பினையின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பவர்கள் வன்னி மண்ணிலே இருக்கிறார்கள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் போர் அங்கே முடிந்தபோது, எத்தனையோ மனைவியர் கணவரின்றி வட்டுவாகல் பாலத்தைக் கடந்தனர். சிலர் தம் கணவர் இறந்ததைக் கண்டவர்கள். சிலர் எறிகணை வீச்சிலே கைப்பிடி தவறி அவரைத் தொலைத்தவர்கள். வேறு சிலர், தம் கணவர் உயிரோடு படையினரிடம் சரணடைந்ததைத் தம் கண்ணால் பார்த்தவர்கள். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார் அவர்களோடு கூடச் சென்றார் என்று அம்மனைவியர் சாட்சி கூறியிருக்கின்றனர். சென்றவர்களும் திரும்பவில்லை, அடிகளாரும் திரும்பவில்லை.

அன்று முதல் 15 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எமது பங்குகளில் மூன்று கேள்விகள் மெல்லிய குரலில் கேட்கப்படுகின்றன. இப்பெண் கைம்பெண்ணா, கணவருள்ளவளா? இவள் மறுமணம் செய்யலாமா? ஒருவர் இல்லாத திருமணத்தில் அருட்சாதனத்தின் பயன் இன்னும் உண்டா? இவற்றுக்குத் திருச்சபை தரும் விடையை இவ்வாரம் படிப்போம்.

1. உடன்படிக்கை, வெறும் ஒப்பந்தமன்று

திருமணத்தை ஏற்படுத்தியவர் மனிதரல்லர். ஆதியிலே மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்த இறைவனே அதனை ஏற்படுத்தினார். கிறிஸ்துநாதர் அதனைத் தொடக்கத்தில் இருந்த மேன்மைக்கு மீண்டும் உயர்த்தினார் (மத்தேயு 19). திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே அது அருளைத் தரும் அருட்சாதனமாகவும் விளங்குகிறது. புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், கணவன் மனைவியின் ஒன்றிப்பைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள ஒன்றிப்போடு சேர்த்துப் பேசுகிறார். இதுவே எமது போதனையின் அடித்தளம். மெய்விவாகம் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று என்பதைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் உறுதியாக அறிக்கையிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தனது ஏட்டில், திருமணத்தை ஓர் உடன்படிக்கையாக விளக்கியது.

உடன்படிக்கைக்கும் சாதாரண ஒப்பந்தத்துக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் தம் வயலைக் குத்தகைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குத்தகை எடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், இரண்டு போகம் பார்த்துவிட்டு வயலை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அங்கே கொடுக்கப்பட்டது வயலின் விளைச்சலே. திருமணத்தில் கொடுக்கப்படுவது விளைச்சலன்று, ஆளே. ஒருவர் தம்மையே மற்றவருக்குக் கொடுத்துவிடுகிறார். கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமற் போவதால், கொடுத்த கொடை திரும்பி வந்துவிடுவதில்லை.

2. சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது

மெய்விவாகத்தை நிறைவேற்றுபவர்கள் யார்? குருவானவர் என்று பலர் விடை சொல்வார்கள். எமது இலத்தீன் திருச்சபையின் மரபுப்படி, மணமக்களே ஒருவருக்கொருவர் இந்த அருட்சாதனத்தை வழங்குகின்றனர். குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு ஏற்கும் சாட்சி. அந்தச் சம்மதத்தின் இடத்தை உலகில் வேறெந்த அதிகாரமும் நிரப்ப முடியாது. தாய் தந்தையர்கூட நிரப்ப முடியாது.

எமது முன்னோருக்கு இது ஏட்டுப் படிப்பாக இருக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் இத்தீவுக்கு மறைவாக வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் எம்மக்கள் குருவானவரின்றிக் குடும்பம் நடத்தி, பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்த்தனர். இன்றைய திருச்சபைச் சட்டமும் இத்தகைய காலங்களை மறக்கவில்லை. மரண ஆபத்திலோ, ஒரு மாதத்துக்குக் குருவானவரை அணுக முடியாது என்று நியாயமாகக் காணும் நிலையிலோ, இரு சாட்சிகள் முன்னிலையில் மட்டும் மணமக்கள் கொடுக்கும் சம்மதம் செல்லுபடியாகும் என்று 1116ஆம் சட்டம் கூறுகிறது. அவ்வாறு போர்க்காலத்தில் இணைந்தவர்கள் யாரேனும் இருந்தால், தம் பங்குத் தந்தையிடம் அதைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளட்டும். பங்குப் பதிவேடு போரில் அழிந்திருந்தாலும் திருமணம் அழிந்துவிடாது. சாட்சிகளைக் கொண்டு அதை மீண்டும் எழுதலாம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். போரின் இறுதி ஆண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, வன்னியில் எத்தனையோ இளம் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். பெற்றோரின் அச்சம் எவருக்கும் விளங்கும். ஆயினும், வெளியிலிருந்து வந்த கடும் அச்சத்துக்குத் தப்ப வேறு வழியின்றித் திருமணத்தைத் தெரிந்துகொண்டவரின் சம்மதம் செல்லாது என்று 1103ஆம் சட்டம் கற்பிக்கிறது. ஆகவே அக்காலத்துத் திருமணங்கள் எல்லாம் செல்லாதவை என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அச்சத்தின் நடுவிலும் மனமுவந்து ஒருவரையொருவர் ஏற்று, இன்றும் அன்போடு வாழும் தம்பதிகள் பலர். திருமணம் ஒன்று செல்லுபடியானது என்றே சட்டம் முதலில் கொள்கிறது. ஐயமுள்ளவர் ஊராரிடம் கேட்கக் கூடாது. மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

3. பந்தமும் அருளும்

மெய்விவாகத்திலிருந்து இரண்டு பயன்கள் பிறக்கின்றன என்று 1134ஆம் சட்டம் சுருங்கக் கூறுகிறது. ஒன்று, இயல்பாகவே நிரந்தரமும் தனியுரிமையும் கொண்ட பந்தம். மற்றையது, தம் வாழ்க்கை நிலையின் கடமைகளை நிறைவேற்ற மணமக்களைத் திடப்படுத்தி அர்ச்சிக்கும் அருள்.

பந்தத்தைப் பற்றிச் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே நிறைவேறி, இல்லறத்தால் முழுமைபெற்ற திருமணத்தைச் சாவைத் தவிர வேறு எக்காரணத்தாலும், எந்த மனித அதிகாரத்தாலும் பிரிக்க முடியாது (சட்டம் 1141). சிறை பிரிக்காது, கடல் கடந்த நாடு பிரிக்காது, ஆண்டுகளின் எண்ணிக்கையும் பிரிக்காது.

இனி அருளைப் பற்றிப் பார்ப்போம். பந்தம் என்ற சுமையை மட்டும் எடுத்துக்கூறி அருளைச் சொல்லாமல் விட்டால் அது அரைகுறைப் போதனையாகும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு கயிறுகளையும் இரு பக்கத்தார் இழுத்தாற்றான் வலை கரைசேரும். ஒரு பக்கத்தில் ஆளில்லாவிட்டால் மற்றப் பக்கத்தார் என்ன பாடுபட்டாலும் முடியாது. கணவர் காணாமற் போன குடும்பத்தில் ஒரு கயிற்றை இழுப்பாரில்லை. ஆயினும் பல குடும்பங்களில் வலை கரைசேர்ந்திருக்கிறது. கணவரைப் பிரிந்து, செட்டிகுளம் முகாமிலே பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த தாய், பின்பு மீள்குடியேறி, கூலி வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிப்பித்து, முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்து, தகப்பனின் பெயரை அவர்கள் மறக்காதபடி ஒவ்வோர் இரவும் செபத்தில் சொல்லிக்கொடுத்தாள் என்றால், அந்த மறு கயிற்றைப் பிடித்தவர் யார்? மணநாளில் அவர்கள் இருவரோடும் உடன்படிக்கை செய்த ஆண்டவர் அன்றோ!

ஆகவே, ஒருவர் இல்லாத திருமணத்தில் அருட்சாதனத்தின் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை: உண்டு. அருள் கணவரோடு காணாமற் போவதில்லை. அவள் தன் இல்லறக் கடமையைச் செய்யும் ஒவ்வொரு நாளும் மெய்விவாக அருளிலே வாழ்கிறாள்.

4. அவள் யார்?

கணவரின் சாவு நிச்சயமாகத் தெரியாதவரை, அவள் திருச்சபையின் பார்வையில் மனைவி. கைம்பெண் என்று அவளை அழைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. பொட்டை அழி, தாலியைக் கழற்று என்று உறவினர் வற்புறுத்தக் கூடாது. நல்ல காரியங்களில் முன்னுக்கு வராதே என்று தடுப்பது, அவளுக்கு மட்டுமல்ல, கைம்பெண்களுக்கும் செய்யும் அநீதி. கிறிஸ்தவ விசுவாசத்தில் அத்தகைய விலக்குக்கு இடமேயில்லை.

மறுபுறத்தில், கணவர் உண்மையிலேயே அந்நாட்களில் இறந்திருந்தால், பந்தம் இறைவன் முன்னிலையில் அன்றே முடிந்திருக்கும்; அதை அவள் அறியாதிருக்கிறாள். அப்படியானால் அவள் காத்திருந்த ஆண்டுகள் வீணா? இல்லை. அன்பினாற் செய்த எதுவும் இறைவனிடத்தில் வீணாவதில்லை.

இவ்விடத்தில் பலரை வருத்தும் ஒரு காரியத்தையும் சொல்வோம். நவம்பர் மாதத்தில் மரித்த விசுவாசிகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, காணாமற் போன கணவரின் பெயரைக் கொடுக்கத் தாயொருத்தி தயங்குகிறாள். கொடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அவள் அஞ்சுகிறாள். அஞ்ச வேண்டியதில்லை. திருப்பலியை உயிருள்ளோர்க்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், மரித்தோர்க்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம் (901). பெயரை மட்டும் கொடுங்கள்; அவர் எந்நிலையில் இருக்கிறார் என்பதை ஆண்டவர் அறிவார்.

5. அரசாங்கச் சான்றிதழும் திருச்சபையின் தீர்ப்பும்

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நாட்டில் நிகழ்ந்த வன்செயல் காரணமாகக் காணாமற் போய், ஓராண்டுக்கு மேல் செய்தி எதுவுமில்லாமல், இறந்துவிட்டார் என்று நம்பப்படும் ஒருவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி ஏற்பட்டது. ஆனால் கணவர் இறந்தார் என்று கையொப்பமிட மனம் ஒப்பாத மனைவியர் பலர் அதை வாங்க மறுத்தனர். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. இதைக் கொண்டு குடும்பத்தின் அலுவல்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

இவற்றைப் பெறுவது பாவமா? பாவமன்று. தான் அறிந்ததை அறிந்தபடியும், அறியாததை அறியாதபடியும் அலுவலகத்தில் உண்மையாகச் சொல்லிப் பெறும் சான்றிதழ் கணவருக்குச் செய்யும் துரோகமாகாது. பிள்ளைகளின் காணியையும் வங்கிக் கணக்கையும் காப்பதும் தாயின் கடமையே.

ஆனால், காணாமற் போனதையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட மரணச் சான்றிதழ் சாவை நேரிற் கண்டு எழுதிய சான்று ஆகாது. அதை மட்டும் காட்டி மறுமணத்துக்குக் கோவிலில் ஓலை வாசிக்க முடியாது. சாவைத் தகுந்த பத்திரத்தால் நிரூபிக்க முடியாதபோது, மறைமாவட்ட ஆயர் விசாரணை நடத்தி, கணவர் இறந்துவிட்டார் என்று கொள்ளத்தக்கது எனப் பிரகடனம் செய்த பின்னரே மற்றவர் மணம்புரிய உரிமை பெறுகிறார் என்று 1707ஆம் சட்டம் விதிக்கிறது. சாட்சிகளின் வாக்குமூலம், ஊரிற் பரவலாக அறியப்பட்ட செய்தி, ஏனைய அடையாளங்கள் ஆகியவற்றால், நியாயமாக ஐயுறக் காரணமில்லை என்ற மன உறுதி ஆயருக்கு ஏற்பட வேண்டும். நீண்ட காலம் காணவில்லை என்பது மட்டும் போதாது. இது புதிய விதியன்று. 1868இலேயே உரோமை இதுபற்றி விரிவான அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டது.

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். 2004 திசெம்பர் 26ஆம் நாள் முல்லைத்தீவில் கடல் பொங்கியபோது ஒருவரை அலை அள்ளிச் சென்றதைப் பலர் கண்டனர், உடல் கிடைக்கவில்லை. 2009இல் வேறொருவர் பதுங்குகுழியிற் காயப்பட்டு இறந்தார், அயலவர் அவசரமாக மணலிற் புதைத்துவிட்டு ஓடினர், எழுத்தில் எதுவுமில்லை. இவ்விரண்டிலும் கண்கண்ட சாட்சிகள் உண்டு. விசாரணையில் உறுதி பெற இடமுண்டு. மூன்றாமவர் வட்டுவாகலில் நடந்து சென்று சரணடைந்தவர். அவரைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்த செய்தி, அவர் உயிரோடிருந்தார் என்பதே. இங்கே ஆயரும் எளிதில் முடிவுகூற முடியாது. சிக்கலான காரியங்களில் திருப்பீடத்தின் ஆலோசனையை நாடும்படியே சட்டம் சொல்கிறது.

இது கல்நெஞ்சம் என்று சிலர் குறைசொல்லலாம். சற்று ஆழமாகச் சிந்தியுங்கள். காணாமற் போனவரும் ஒரு மனிதர், திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, அவருக்கும் உரிமையுண்டு. வசதிக்காக அவரைக் கடதாசியிற் சாகடிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் முதல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரும் மனைவியரும் கேட்டது என்ன? விசாரணையின்றி, விடையின்றி, எங்கள் உறவுகளை இறந்தவர்களாக எழுதாதீர்கள் என்பதன்றோ? 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச அலுவலகங்களின் கணக்குகளையே எடுத்துவைத்து 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். பந்தத்தைக் காக்கும் திருச்சபைச் சட்டமும் இந்த மக்களின் கேள்வியும் ஒன்றையே வேண்டி நிற்கின்றன; அது உண்மை. ஆகவே, ஒருவருக்கு நேர்ந்ததை அறிந்தும் மறைப்பவர்கள், அவர் எத்தரப்பினராயினும், ஒரு குடும்பத்தை வதைப்பதோடு, இறைவன் இணைத்த ஓர் அருட்சாதனத்தையும் காயப்படுத்துகிறார்கள்.

6. சில ஐயங்கள்

பிரகடனம் கேட்பது கணவருக்குத் துரோகமா?

இல்லை. உண்மையை நேர்மையாகத் தேடும்படி ஆயரிடம் கேட்பது எந்த விசுவாசிக்கும் உள்ள உரிமை. இளவயதிலேயே தனித்துவிடப்பட்ட பெண் அதைக் கேட்டால் ஊரார் நாவசைக்க வேண்டாம். கேட்க விரும்பாமற் காத்திருப்பவளையும் எவரும் நச்சரிக்க வேண்டாம். இருவரும் மனச்சாட்சிப்படி நடப்பவர்கள்.

எங்கே தொடங்குவது?

பங்குத் தந்தையிடம். திருமணப் பதிவின் பிரதி, காவல்துறையிலும் ஆணைக்குழுக்களிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், கடைசியாகக் கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சாட்சிகள் முதுமையடைகிறார்கள், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

பிரகடனத்தின்பின் மறுமணம் நடந்து, முதற்கணவர் உயிரோடு திரும்பினால்?

முதல் திருமணமே நிலைக்கும். ஆயினும் நல்மனத்தோடு செய்த இரண்டாம் திருமணத்திற் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி முறையான பிள்ளைகளே, தாய்மீதும் குற்றமில்லை.

எவ்வித அனுமதியுமின்றி இன்னொருவரோடு வாழ்பவரின் நிலை என்ன?

அவரைக் கோவிலை விட்டுத் துரத்த வேண்டாம். திருப்பலிக்கும் செபத்துக்கும் வரட்டும். பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு அனுப்பட்டும். குருவானவரிடம் பேசி, தம் நிலையைச் சீர்செய்யும் வழியைத் தேடட்டும். பலர் பசியாலும் பாதுகாப்பின்மையாலும் அந்நிலைக்கு வந்தவர்கள் என்பதை மறந்து கல்லெறிவது கிறிஸ்தவரின் வேலையன்று.

7. பங்கு மக்களின் கடமை

மெய்விவாகம் இருவரின் தனிச் சொத்தன்று. திருச்சபை முழுவதற்கும் உரிய அடையாளம். அன்று சம்மதத்துக்குச் சாட்சியாக நின்ற சமூகம், இன்று அந்தச் சம்மதத்தின் பாரத்தை ஒருத்தி தனியே சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? பந்தம் மாறாதது என்று அவளுக்குப் போதிக்கும் பங்கு, அவளுடைய வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் கைகொடுங்கள். அலுவலகத்துக்கு அவள் செல்லும்போது துணைக்கு ஒருவர் செல்லுங்கள். மாலையில் அவள் வீட்டுக்கு ஆண் ஒருவர் உதவிக்கு வந்தாலே கதைகட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். திருமண வீடுகளுக்கு அவளை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். மணமக்களுக்குப் பிரமாணிக்கத்தின் பொருளைச் சொல்லிக்கொடுக்க அவளைவிடத் தகுதியானவர் எவருமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று வாக்களித்த நாளிலே, துன்பம் எந்த உருவில் வரும் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. முள்ளிவாய்க்காலின் மனைவியருக்கு அது விடைதெரியாத கேள்வியாக வந்தது. அவர்கள் வாக்கைக் காத்தார்கள். உங்கள் துணை இன்று உங்கள் அருகில் இருந்தால், இன்றிரவு செபமாலை முடிந்ததும் இருவருமாக ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள். அதோடு, அருகில் ஒருவரின்றிச் செபமாலை சொல்லும் வீடுகளுக்காகவும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.

குடும்பத்திலும் அன்பியக் கூட்டத்திலும் கலந்துரையாட:

1. மெய்விவாகத்தை ஒருநாட் சடங்காகவா, நிலைத்து நிற்கும் அருட்சாதனமாகவா எமது குடும்பம் வாழ்கிறது?

2. எமது பங்கில் துணை காணாமற் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய வீட்டுக்கு நாம் கடைசியாக எப்போது சென்றோம்?

3. பிள்ளைகளின் திருமணத்தைப் பேசும்போது, அவர்களுடைய சுதந்திரமான சம்மதத்தை நாம் உண்மையாகவே கேட்கிறோமா?